இடுப்பில் ஒரு வாரம்: ஓசூர்த் தொழிற்பகுதியில் உடலசைவை அளத்தல்

நலவாழ்வு ஆய்வுகளில் உடலசைவை அளக்க இன்று பெரிதும் பயன்படும் கருவி முடுக்கமானி. ஆய்வுக்கென்றே செய்யப்படும் முடுக்கமானிகளில் பரவலான ஒன்றான ஆக்டிகிராஃப் வகையின் எடை 20 கிராமைத் தொடாது. உள்ளே, சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடைத்துண்டு ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. உடல் அசைந்தால் துண்டு சற்றே இடம் பெயரும். அதற்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றம் மின் அளவாகப் பதிவாகும். மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று திசைகளிலும், நொடிக்கு 30 முதல் 100 முறை வரை இப்படிப் பதிவாகிறது. அலகு ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம். அசையாமல் வைத்த கருவியும் 1 ஜி காட்டும்; அந்த ஈர்ப்பு எந்தத் திசையில் விழுகிறது என்பதிலிருந்து கருவி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்றும் அறியலாம். நொடிக்கு 100 வீதம் ஒருவர் 7 நாள் அணிந்தால் 18 கோடிக்கு மேல் எண்கள் சேரும்.

இவ்வளவு எண்கள் எதற்கு என்பது பழைய கேள்வித்தாள் முறையின் குறையைப் பார்த்தால் விளங்கும். 1953இல் ஜெரி மோரிஸ் குழு லண்டன் பேருந்துகளை ஆராய்ந்தபோது, உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டது. அங்கே வேலையின் பெயரே அளவுகோலாக இருந்தது. பிறகு, 'கடந்த வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிடம் கடுமையாக உழைத்தீர்கள்' என்று கேட்கும் தாள்கள் வந்தன. மனிதர் தம் அசைவை நிமிடக் கணக்கில் நினைவு வைத்துக்கொள்வதில்லை. கேட்பவர் விரும்பும் விடையைச் சொல்லும் பழக்கமும் உண்டு. அமெரிக்காவின் 2005-06 தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில், கேள்வித்தாளின்படி 62 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் இடுப்பில் கட்டிய முடுக்கமானியின்படி 10 சதவீதம் கூட இல்லை. இந்த இடைவெளி முழுவதும் வாய்ப்பேச்சின் பிழை என்று கொள்வது வழக்கம். ஆனால் அதில் ஒரு பங்கு கருவியின் பிழை. ஓசூர் போன்ற இடத்தில் அந்தப் பங்கு மிகப் பெரிதாகிவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அதன் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையான ஜூஜூவாடியை ஒட்டி, சிப்காட் பேட்டைகளோடு ஓசூர் இருக்கிறது. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றோடு அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் எண்ணற்ற சிறு பட்டறைகள், வார்ப்பாலைகள், அண்மையில் வந்த மின்னணுப் பாகத் தொழிற்சாலைகள் எல்லாம் இங்கே. கிழக்கே போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிகளும் மாங்கூழ் ஆலைகளும். தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பகுதிகளில் கேழ்வரகும் காய்கறியும் ரோஜாவும். ஒரே வீட்டில் அப்பா கேழ்வரகு அறுக்க, மகன் லேத்தில் நிற்க, மருமகள் மின்னணு லைனில் உட்கார்ந்திருப்பாள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழி பேசும் ஊர். ஒப்பந்தத் தொழிலாளர் விடுதிகளில் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். கிராமத்துக் காட்டுவேலை ஒரு தலைமுறைக்குள் ஆலைத் தரைக்கு மாறும்போது உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

இதே கேள்வியை, அருகிலுள்ள பெங்களூரையும் சேர்த்து, ஒரு பெரிய ஆய்வு எடுத்துக்கொண்டது. 2005 முதல் 2007 வரை நடந்த இந்திய இடப்பெயர்வு ஆய்வு லக்னோ, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு தொழிற்சாலையை எடுத்தது. கிராமத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்ப்பவரையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர் உடன்பிறப்பையும் ஒப்பிட்டது. ஆண்களில் உடற்பருமன் கிராமத்தில் 19 சதவீதம், இடம்பெயர்ந்தவரில் ஏறத்தாழ 38, நகரத்தவரில் 42. நீரிழிவு முறையே 6.2, 14.3, 13.5. அசைவின் குறைவு இதில் எவ்வளவு பங்கு என்று சொல்ல, அந்த ஆய்வு முதன்மையாக நம்பியது கேள்வித்தாளையே. உணரி (முடுக்கமானி) அந்தத் தாளைச் சோதிப்பதற்கு மட்டும் ஒரு சிறு பிரிவினரிடம் பயன்பட்டது. தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இன்டியாப்' நீரிழிவு ஆய்வின் முதற்கட்டமும் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் வழியாகவே, இந்தியரில் 54 சதவீதம் பேர் போதிய அசைவில்லாதவர் என்று 2014இல் அறிவித்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்தியச் சூழலுக்கென்று தனிக் கேள்வித்தாள் வகுத்து, முடுக்கமானியோடு ஒப்பிட்டுச் சோதித்து, 2015இல் வெளியிட்டது. கேள்வித்தாளும் உணரியும் ஒன்றையொன்று திருத்தும் இந்த முறைதான் சரியான வழி. உணரி மட்டும் இருந்தால் போதும் என்ற எண்ணம் ஆய்வுத் திட்ட எழுத்துகளில் அடிக்கடி வரும். களம் அதை ஒரு வாரத்தில் மாற்றிவிடும்.

கருவியை உடலில் எங்கே கட்டுவது என்பது முதல் முடிவு. இடுப்பு பழைய இடம். உடலின் எடைமையத்துக்கு அருகில் இருப்பதால் நடை, ஓட்டம் நன்றாகப் பதிவாகும். மணிக்கட்டு பிறகு வந்தது. கழற்றாமல் தூங்கலாம், குளிக்கலாம் என்பதால் ஆட்கள் அதை அதிக நேரம் அணிகிறார்கள். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவரின் மணிக்கட்டில் ஆக்ஸிவிட்டி கருவியை 7 நாள் கட்டியது. ஆனால் ஓசூர் ஆலைத் தரையில் மணிக்கட்டு பெரும்பாலும் மூடிய கதவு. லேத், பிரஸ், டிரில்லிங் மெஷின் ஓட்டுபவர் கையில் வாட்ச், மோதிரம், கயிறு எதுவும் இருக்கக்கூடாது. சுழலும் பாகம் பிடித்து இழுத்தால் கை போய்விடும். மாங்கூழ் ஆலையில் உணவுப் பாதுகாப்பு விதி அதைத் தடுக்கும். மின்னணு லைனில் மணிக்கட்டில் ஏற்கனவே நிலைமின் இறக்கும் பட்டை இருக்கும். போன் முதல் எந்தப் பதிவுக் கருவியும் உள்ளே போகக்கூடாது என்ற காவல் வேறு. ஆகவே இடுப்பு, இல்லையென்றால் தொடை. தொடையில் மருத்துவ ஒட்டுப்படலம் போட்டு ஒட்டப்படும் கருவிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: உட்கார்ந்தால் தொடை கிடைமட்டம், நின்றால் செங்குத்து. இந்த ஒரு சாய்வு வேறுபாடு இங்கே எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வரும்.

இடுப்பு என்று தாளில் எழுதுவது எளிது. புடவை கட்டிய பெண்ணுக்குக் கொசுவமும் பாவாடை முடிச்சும் இருக்கும் இடம் அது. எலாஸ்டிக் பெல்ட்டை மேலே கட்டினால் வெளியே தெரியும், கேட்பவருக்குப் பதில் சொல்லி முடியாது. உள்ளே கட்டினால் வியர்வை, அரிப்பு. பாவாடை நாடாவிலேயே கோத்துவிட்டால் நடக்கும்போது கருவி தனியாக ஆடும், அந்த ஆட்டமும் அசைவாகப் பதிவாகும். உள்பாவாடைக்கு மேலே, வலது இடுப்பெலும்பின் முன்மேட்டுக்கு நேரே, சருமத்தில் நேரடியாகப் படாமல் மெல்லிய பருத்தித் துணி வைத்து இறுக்கமாகக் கட்டுவதே வேலைக்கு ஆகும். இதைக் கட்டிக் காட்டப் பெண் களப்பணியாளர் கட்டாயம் வேண்டும். ஆண்களிடம் இவ்வளவு சிக்கல் இல்லை. அரைஞாண் கயிறு கட்டிப் பழகிய இடுப்பு. பெல்ட் ஒரு நாளில் மறந்துபோகும். மறந்தபடியே குளிக்கப் போய், கருவியோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் நடக்கும். நீர்புகாத மூடி இருந்தாலும் சோப்பு நீர் இணைப்புத் துளைக்குள் போனால் பழுதுதான்.

பெல்ட் கொடுக்கும் நாளில் வரும் முதல் கேள்வி, "இதுல கேமரா இருக்கா? நாங்க பேசுறது பதிவாகுமா?" அடுத்தது, "டாய்லெட் எத்தனை தடவ போனோம்னு சூப்பர்வைசருக்குத் தெரியுமா?" இரண்டாவது கேள்வி இந்த வட்டாரத்துக்கு உரிய நியாயமான அச்சம். நிமிட வாரியாக ஒருவர் எப்போது நின்றார், எப்போது நடந்தார் என்று காட்டும் தரவு, நிர்வாகத்தின் கையில் போனால் வேலையைக் கண்காணிக்கும் கருவியாக ஒரு நிமிடத்தில் மாறிவிடும். ஆலை நிர்வாகத்திடம் அனுமதி வாங்கும்போதே, தனிநபர் தரவு எந்த நிலையிலும் தரப்படாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது இதனால்தான். பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் இணையும் ஏடு ஆலைக்கு வெளியே பூட்டிய இடத்தில். ஒப்புதல் படிவம் பங்கேற்பவரின் மொழியில் இருக்கவேண்டும், வாசித்துக் காட்டப்படவேண்டும், மறுத்தால் வேலைக்குக் கேடில்லை என்பது அவர் காதில் விழவேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைகள் இதையே கேட்கின்றன. சூப்பர்வைசர் ஆள் பொறுக்கிக் கொடுக்கும் ஆய்வில் வரும் ஒப்புதல் உண்மையான ஒப்புதல் ஆகாது. ஒப்பந்தத் தொழிலாளி மறுக்கத் தயங்குவார் என்பதால், சேர்க்கும் இடத்தை ஆலைக்குள் வைக்காமல் விடுதி, குடியிருப்பு, ஊர்த் துணைச் சுகாதார நிலையம் என்று வெளியே வைப்பது நல்லது.

கருவியோடு ஒரு சிறு நாட்குறிப்பும் கொடுக்கப்படும். எழுந்த நேரம், கட்டிய நேரம், கழற்றிய நேரம், காரணம், எந்த ஷிஃப்ட், ஓ.டி. உண்டா, எந்த வேலை, எதில் பயணம், எப்போது தூக்கம். இதை எழுத யாரும் விரும்பமாட்டார்கள். எழுத்து பழகாதவர்க்குப் படம் போட்ட அட்டை. மற்றவர்க்குக் கம்பெனி பஸ் ஏறும் நேரத்தில் ஒரு போன் அழைப்பு. இந்த அட்டை இல்லாமல் வரும் தரவைப் படிக்கவே முடியாது. காரணம் ஷிஃப்ட். மென்பொருள்கள் நாளை நள்ளிரவில் வெட்டுகின்றன. தூக்கத்தை இரவில் தேடுகின்றன. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை 6 மணி, செகண்ட் ஷிஃப்ட் பிற்பகல் 2, நைட் ஷிஃப்ட் இரவு 10 என்று வாரம் தோறும் சுழலும் ஊரில், நைட் ஷிஃப்ட்காரரின் ஒரு வேலைநாள் இரண்டு காலண்டர் நாட்களாகப் பிளந்துவிடும். முதல் பாதியில் உழைப்பு குறைவு, இரண்டாவதில் காலை 6 வரை உழைப்பும் பிறகு ஒரு நீண்ட அசைவின்மையும். அந்த அசைவின்மை பகல் தூக்கமா, கழற்றி வைத்த நேரமா என்று எண்களை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். எழுவது முதல் அடுத்த எழுவது வரை ஒரு நாள் என்று வெட்டினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்; அதற்கு எழுந்த நேரம் அட்டையில் இருக்கவேண்டும். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் 7 நாளில் ஒன்று வீணானாலும் போதாது. பழைய ஷிஃப்ட்டில் குறைந்தது மூன்று வேலைநாளும், ஒரு விடுமுறை நாளும், புதிய ஷிஃப்ட்டில் மூன்று வேலைநாளும் வேண்டும் என்றால் கருவியின் பேட்டரிக்கும் ஆளின் பொறுமைக்கும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டியிருக்கும்.

திரும்பி வரும் கருவிகளின் எண்ணிக்கை கொடுத்த எண்ணிக்கைக்குச் சமமாக இராது. நோம்பு, கல்யாணம், ஊர்த் திருவிழா என்று ஊருக்குப் போனவர் அடுத்த வாரம் கொண்டுவருவார். வேலையை விட்டு ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ போய்விட்ட விடுதித் தொழிலாளியிடமிருந்து வராது. இப்படி விட்டுப்போகிறவர்கள் யார் என்று பார்த்தால், நிலையற்ற வேலையில் மிகக் கடினமாக உழைப்பவர்களே அதிகம். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, ஆலையின் நிரந்தர ஊழியரின் சராசரி. ஆகவே விடுதித் தொழிலாளர்க்குக் குறுகிய காலத்துக்குக் கட்டி, கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே திரும்பப் பெறும் ஏற்பாடு தேவை.

தரவு இறக்கியதும் முதலில் பார்க்கவேண்டியது அளவுத் திருத்தம். அசையாத கணங்களில் மூன்று திசைகளின் அளவும் சேர்ந்து 1 ஜி காட்டவேண்டும். காட்டாவிட்டால் கருவி விலகியிருக்கிறது. வின்சென்ட் வான் ஹீஸ் குழு 2014இல் வெளியிட்ட தானியங்கித் திருத்தமுறை, ஆள் அணிந்திருந்த நாட்களின் அசையாத கணங்களையே எடுத்து இதைச் சரிசெய்கிறது. அது ஜிஜிஐஆர் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. அடுத்தது அணியாத நேரம். தொடர்ந்து 60 நிமிடம் சுழி என்றால் கழற்றி வைத்தது என்று கொள்வது பழைய விதி. ஓசூரின் மின்னணு லைனில் இது தவறிழைக்கும். நுண்ணோக்கியில் கண் வைத்துச் சிறு பாகம் பொருத்தும் பெண்ணின் இடுப்பு ஒரு மணி நேரம் அசையவே அசையாது. விதி அவர் கருவியைக் கழற்றிவிட்டதாக முடிவெடுத்து, அவருடைய வேலைநேரத்தையே நாளிலிருந்து நீக்கிவிடும். மிச்சம் இருப்பது பஸ்ஸுக்கு நடந்ததும் வீட்டுவேலையும். அவர் சுறுசுறுப்பானவர் என்று விடை வரும். சோய் குழு 2011இல் முன்வைத்த 90 நிமிட விதி இதைக் குறைக்கும். மூல எண்களில் நுண்ணிய நடுக்கத்தைத் தேடும் முறை இன்னும் நம்பகமானது: உயிருள்ள உடல் மூச்சிலும் சாய்விலும் ஏதோ ஒரு சிறு அலையைக் காட்டும், மேஜைமேல் வைத்த கருவி காட்டாது.

பிறகு வருவது வெட்டெல்லை. பதிவான அசைவைக் கருவி 'எண்ணிக்கை' என்ற அலகில் சுருக்கித் தரும்; நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கைக்கு மேல் போனால் மிதமான உழைப்பு, இத்தனைக்கு மேல் கடும் உழைப்பு என்று பிரிக்கும் கோடு அது. மிகப் பரவலாகப் பயன்பட்ட கோடு, மிதமான உழைப்புக்கு நிமிடத்துக்கு 1952 எண்ணிக்கை. அதைப் பாட்டி ஃப்ரீட்சன் குழு 1998இல் வெளியிட்டது. 50 அமெரிக்க இளையோரை டிரெட்மில்லில் மணிக்கு 4.8, 6.4, 9.7 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவும் ஓடவும் வைத்து, மூச்சுக்காற்றை அளந்து, அதோடு கருவியின் எண்ணிக்கையைப் பொருத்திய சமன்பாடு. நடைக்கும் ஓட்டத்துக்கும் அது சரி. குவாரியில் கல் உடைப்பவர், வார்ப்பாலையில் அச்சு தூக்குபவர், பூந்தோட்டத்தில் குனிந்து ரோஜா பறிப்பவர் யாரும் அந்த டிரெட்மில்லில் ஏறவில்லை. அவர் இடுப்பு ஒரே இடத்தில் நிற்க, கையும் முதுகும் உழைக்கும். இரண்டு கையிலும் சுமை ஏந்தி மெல்ல நடப்பவரின் இடுப்பு, சும்மா மெல்ல நடப்பவரின் இடுப்பைப் போலவே அசையும். இதயம் செய்யும் வேலை வேறு. முடுக்கமானி சுமையை அறியாது. சைக்கிள் மிதிப்பதை இடுப்புக் கருவி ஏறக்குறைய அறியாது. கிருஷ்ணகிரியின் மேட்டுப் பாதையில் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவதையும் சமதரையில் நடப்பதையும் வேறுபடுத்தாது. மணிக்கட்டில் கட்டினால் வேறு விதமான பிழை: உட்கார்ந்த இடத்தில் கைவேகமாகப் பொருத்தும் வேலை நடையைப் போலத் தெரியும். ஒரே ஆள், ஒரே வேலை. இடுப்பு 'அசைவில்லை' என்கிறது, மணிக்கட்டு 'மிதமான உழைப்பு' என்கிறது.

அலகிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. உழைப்பின் கடுமையைச் சொல்லும் மெட் என்ற அளவில், ஓய்வு நிலை 1 மெட். அது கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று வைத்திருக்கிறார்கள். 2005இல் பைர்ன் குழு 700க்கும் மேற்பட்டவரை அளந்தபோது சராசரி 2.6 மட்டுமே வந்தது. இந்தியரின் அடிப்படை ஆற்றல் செலவைப் பற்றிப் பெங்களூர் கோரமங்களாவின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளும், மேலைநாட்டுச் சமன்பாடுகள் இந்திய உடலுக்கு மிகையாகக் கணிக்கின்றன என்று காட்டின. ஓய்வின் செலவைக் கூட்டி வைத்தால் உழைப்பின் பங்கு குறைந்து தெரியும். ஓசூரின் எல்லா ஆய்வும் தன் ஆட்களில் சிலரையாவது, அவர்கள் செய்யும் வேலையிலேயே, மூச்சுக்காற்று அளவியோடு சேர்த்து அளந்து தனக்கென்று ஒரு கோடு போடவேண்டும் என்பது இதனால்தான். அதற்கு வசதியில்லாதபோது குறைந்தது ஒரு முழு ஷிஃப்ட், அனுமதியோடு, வேலையை நேரில் நின்று நிமிடவாரியாகக் குறித்து, கருவியின் வரைபடத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். இந்தத் துறையில் கற்றுக்கொள்ளும் பெரும்பகுதி அந்த ஒரு ஷிஃப்ட்டில்தான்.

நிற்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இடுப்புக் கருவிக்கு நிற்பதும் உட்காருவதும் ஒன்று: நிமிடத்துக்கு 100 எண்ணிக்கைக்குக் கீழே, 'அமர்நிலை'. அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்றவரின் வேலைநாளையும் அலுவலக நாற்காலியில் இருந்தவரின் வேலைநாளையும் அது ஒரே பெயரில் எழுதிவிடும். நிற்பதன் சுமையைச் சட்டம் அறியும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு நின்று வேலை செய்பவர்க்கு உட்கார வசதி கேட்டது. தமிழ்நாடு 2021இல் கடை ஊழியர்க்கும் இருக்கையைச் சட்டமாக்கியது. கருவி மட்டும் அறியாமல் போவதை ஏற்கமுடியாது. தொடைக் கருவியே இதற்கு விடை. டென்மார்க்கின் தேசியப் பணிச்சூழல் ஆராய்ச்சி மையம், துப்புரவு, உற்பத்தி, போக்குவரத்துத் தொழிலாளரின் தொடையிலும் இடுப்பிலும் கருவி ஒட்டி, உட்கார்தல், நிற்றல், நடத்தல், படியேறல் என்று தனித்தனியே நிமிடம் பிரித்தது. ஓசூரில் தொடை ஒட்டுப்படலம் வியர்வையில் மூன்றாம் நாளே பெயரத் தொடங்கும். மாற்றுப் படலமும் ஒட்டிக்காட்டிய பழக்கமும் இருந்தால் வாரம் தாங்கும்.

பயணமும் வரைபடத்தைக் குழப்பும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வருபவருக்குச் சிக்கல் குறைவு. மோசமான கிராமச் சாலையில் டூவீலரில் 20 கிலோமீட்டர் வருபவரின் இடுப்பில் இன்ஜின் அதிர்வும் வேகத்தடைக் குலுக்கலும் சேரும். எண்ணிக்கை முறையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 சுழற்சிக்கு மேற்பட்ட அதிர்வு வடிகட்டப்படுவதால் இன்ஜின் பெரும்பாலும் மறையும், குலுக்கல் மட்டும் நிற்கும். வடிகட்டாத மூல முடுக்கத்தைக் கணக்கிடும் புதிய முறைகளில் இன்ஜினும் உள்ளே வரும். அட்டையில் 'டூவீலர், 5.10 முதல் 5.45' என்று ஒரு வரி இருந்தால் அந்தத் துண்டை அடையாளம் கண்டு தனியே வைக்கலாம்.

பருவம் இன்னொன்று. மாம்பழக் காலத்தில் மே முதல் ஜூலை வரை கூழ் ஆலைகள் ஓயாமல் ஓடும்; மற்ற மாதங்களில் அதே ஆட்கள் காட்டுவேலையிலோ கட்டட வேலையிலோ இருப்பார்கள். மானாவாரிக் கேழ்வரகுக்கு மழைக்குப் பின் விதைப்பு, பனிக்காலத்தில் அறுப்பு. ஆலையில் நிரந்தர வேலை பார்ப்பவரும் ஷிஃப்ட்டுக்கு முன் மாட்டுக்குத் தீவனம் போட்டுப் பால் கறந்துவிட்டு வருபவராக இருக்கலாம். ஒரு வார அளவை ஆண்டு முழுவதற்கும் நீட்டுவது இந்த மாவட்டத்தில் செல்லாது. குறைந்தது இரண்டு பருவத்தில் அதே ஆளை மீண்டும் அளக்கவேண்டும்.

இத்தனை கவனமும் எதற்கு என்றால், இந்த எண்கள் மருத்துவ அறிவுரையாக மாறுகின்றன. நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அங்கே சொல்லப்படும் அறிவுரையில் நடைப்பயிற்சிக்கு எப்போதும் இடமுண்டு. 2023 நவம்பரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டமும் வந்தது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. வேலையில் வரும் உழைப்பும் இதில் சேரும் என்று அது சொல்கிறது. இங்கேதான் டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலியோர் எழுப்பிய கேள்வி வருகிறது. ஓய்வுநேர உடற்பயிற்சி இதயத்துக்கு நன்மை தருகிறது; வேலையில் வரும் நீண்ட நேர உழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை, சில ஆய்வுகளில் தீமையோடு சேர்ந்தே காணப்படுகிறது. பல மணி நேரம் இடைவிடாமல் நிற்பதும் தூக்குவதும் ரத்த அழுத்தத்தை உயர்த்தியே வைக்கின்றன, இளைப்பாற நேரம் தருவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். வேலைக்குச் செல்பவரின் வருமானம், புகை, உணவு எல்லாவற்றையும் கழித்த பின்னும் இது நிற்குமா என்பதில் அறிஞரிடையே வாதம் நடக்கிறது. அந்த வாதம் முடியவேண்டுமானால் வேலைநேர அசைவையும் ஓய்வுநேர அசைவையும் பிரித்து அளந்த தரவு, உழைப்பு உண்மையிலேயே கடுமையாக உள்ள நாடுகளிலிருந்து வேண்டும். ஷிஃப்ட் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் குறிக்கப்பட்ட அட்டை இல்லாமல் அந்தப் பிரிவு கிடைக்காது. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த லைன் தொழிலாளியிடம், கருவி 'அமர்நிலை' என்று எழுதியதை நம்பி, இன்னும் நடங்கள் என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

ஆய்வறிக்கையில் எழுதவேண்டியவை இதிலிருந்தே வருகின்றன: கருவியின் வகை, கட்டிய இடம், நொடிக்கு எத்தனை பதிவு, எத்தனை நொடித் துண்டாகச் சேர்த்தது, அணியாத நேரத்தின் விதி, நாளை எங்கே வெட்டியது, வெட்டெல்லை யாருடைய உடலில் எந்த வேலையில் வகுத்தது, ஷிஃப்ட், பருவம், திரும்பாதவர் யார். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஓசூரின் எண்ணை ஐதராபாத்தின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை. ஆக்டிகிராஃப் தன் எண்ணிக்கைக் கணக்கின் உள்முறையை 2022இல்தான் வெளியிட்டது. அதுவரை எண்ணிக்கை மட்டும் சேமித்து மூல எண்களை அழித்த ஆய்வுகளின் தரவை இன்றைய முறைகளில் திரும்பக் கணக்கிட இயலாது. மூலக் கோப்பையும் அட்டையையும் சேர்த்தே பாதுகாக்கவேண்டும்.

பங்கேற்றவர்க்குத் திருப்பித் தரும் தாளில், அவர் மொழியில், வாரத்தின் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் படுத்திருந்தார், உட்கார்ந்தார், நின்றார், நடந்தார் என்பது மணிக்கணக்கில் இருக்கும். சுமை தூக்கிய நேரத்தைக் கருவி காட்டாது. அதைத் தொழிலாளி சொன்னபடி, அவர் வார்த்தையில், அதே தாளில் கீழே எழுதிக் கொடுப்பது வழக்கமாகவேண்டும்.